இரகசியமும் பொதுமையும்: காமாக் கதிர் வெடிப்பு ஆய்வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வானத்தை ஆராய்ந்த பண்டைய சமூகங்கள் யாவும் திரும்ப வருவனவற்றையே முதலில் தேடின. ஞாயிறும் திங்களும் கோள்களும் குறித்த காலத்தில் குறித்த இடத்துக்கு மீளும். அம்மீட்சியைக் கணித்தறியும் தேவையிலிருந்தே பஞ்சாங்க மரபு வளர்ந்தது. உழவுக்கும் கடற்பயணத்துக்கும் சடங்குக்கும் இன்றியமையாததாயிருந்த அக்கணிப்பைக் கைவசம் வைத்திருந்தோர், அதன் வழியாகச் சமூக அதிகாரமும் பெற்றனர். 1829ஆம் ஆண்டு மார்ச் மாதச் சந்திரகிரகணத்தையொட்டி வட்டுக்கோட்டைச் செமினரியைச் சேர்ந்த அமெரிக்க மிஷனரிமாருக்கும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிதருக்கும் இடையே எழுந்த விவாதம் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வெளித்தோற்றத்தில் அது கிரகணம் தொடங்கும் நேரம் பற்றியதாயினும், வானத்தைப் பற்றி உறுதியாகப் பேசும் உரிமை யாருக்குரியது என்பதே அதன் உட்பொருளாக இருந்தது.

இவ்வினாவை நமது காலத்தில் வேறொரு வடிவில் எழுப்பும் நிகழ்வு காமாக் கதிர் வெடிப்பாகும். இது கணிப்புக்கு அகப்படாதது. எப்பொழுது, எத்திசையில் தோன்றும் என்பதை எவரும் முன்கூற இயலாது. ஒரு செக்கனின் சிறுபகுதி முதல் சில நிமிடங்கள் வரை நீடித்து மறையும். மறைந்தது அவ்விடத்தில் மீண்டும் தோன்றுவதில்லை. வளிமண்டலம் காமாக் கதிர்களை உறிஞ்சிவிடுவதால் தரையிலிருந்து அவற்றை நேரே காணவும் முடியாது. ஆகவே இதனை அறிவதற்கு இரண்டு தேவைப்பட்டன: விண்வெளியில் ஓயாத காவல், கண்டதை உடனுக்குடன் பிறர்க்கு அறிவிக்கும் ஒழுங்கு. முன்னையதை வல்லரசுகளின் இராணுவப் போட்டி வழங்கியது. பின்னையதோ அப்போட்டியின் இயல்புக்கே முரணானது. இம்முரண்பாடு செயற்பட்ட வகையினை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஐக்கிய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரித்தானியாவும் 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி மொஸ்கோவில் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரின் கீழும் அணுக்குண்டுப் பரிசோதனை நடத்துவதை அது தடைசெய்தது. ஒக்டோபரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் வேலா செய்மதிகளின் முதற் சோடியை அமெரிக்கா ஏவியது. எதிர்த்தரப்பு எவர் கண்ணுக்கும் எட்டாத விண்வெளியில் அணுக்குண்டை வெடிக்கச் செய்து பார்க்கலாம் என்ற ஐயமே இச்செய்மதிகளின் பிறப்புக்குக் காரணமாகும். பூமியிலிருந்து ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால் சோடி சோடியாகச் சுற்றிய அவை, குண்டு வெளிவிடும் காமாக் கதிர்களுக்காகக் காத்திருந்தன.

1967ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி அவை ஒரு கதிர்வீச்சைப் பதிவுசெய்தன. அதன் ஏற்ற இறக்கம் எந்த அணுக்குண்டுக்கும் பொருந்துவதாயில்லை. எனினும் ஆறாண்டுகள் கழித்து, 1973இலேயே, லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளெபசடெல், ஸ்ட்ரோங், ஒல்சன் என்போர் இத்தகைய நிகழ்வுகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். இத்தாமதத்துக்கு இராணுவ இரகசியமே முழுக்காரணம் என்று எழுதிவிடுவது எளிது; ஆயின் வரலாறு அத்துணை எளிதன்று. தொடக்கச் செய்மதிகளின் நேரப்பதிவு கதிர் வந்த திசையை அறிவதற்குப் போதியதாக இருக்கவில்லை. 1969இலும் 1970இலும் ஏவப்பட்ட பிந்திய செய்மதிகளே அத்திறனைப் பெற்றிருந்தன. ஒன்றுக்கொன்று எதிர்ப்புறத்தில் நின்ற இரு செய்மதிகளுக்கிடையே ஒளி செல்வதற்கு ஒரு செக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். கதிர் எச்செய்மதியை முதலில் அடைந்தது, எத்துணை நேரத்தால் முந்தியது என்பவற்றைக் கொண்டு ஆய்வாளர் திசையைக் கணித்தனர். 1969 ஜூலைக்கும் 1972 ஜூலைக்கும் இடையிற் பதிவான 16 வெடிப்புகள் பூமியிலிருந்தோ ஞாயிற்றிலிருந்தோ வந்தவையல்ல என்பது தெளிவாயிற்று. பகைவனின் குண்டைத் தேடிய கருவி, எந்த அரசுக்கும் உரியதல்லாத ஒன்றைக் கண்டுவிட்டது.

2

சோவியத் ஒன்றியத்திலும் இதற்கிணையான பணி நடைபெற்றது. லெனின்கிராட்டின் யொஃபே நிறுவனத்தில் மாசெற்ஸ் தலைமையிலான குழுவினர் அமைத்த கோனஸ் கருவிகள், 1978இல் வெள்ளிக் கோளுக்குச் சென்ற வெனேரா 11, 12 ஆகிய கலங்களில் இடம்பெற்றன. பல கோடிக் கிலோமீற்றர் இடைவெளியிற் செல்லும் கலங்கள் ஒரே வெடிப்பைக் கண்ட நேரங்களை ஒப்பிடும்போது திசை மேலும் நுட்பமாகப் புலப்படும். கலங்கள் வெவ்வேறு அரசுகளுக்கு உரியவையாயிருந்தன. கணக்கோ எல்லோருடைய பதிவுகளும் சேர்ந்தாலன்றி முடியாததாயிருந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து மூன்றாண்டுகள் செல்லுமுன், 1994 நவம்பரில் ஏவப்பட்ட விண்ட் என்னும் அமெரிக்கக் கலத்தில் அதே கோனஸ் மரபிலான கருவி இடம்பெற்றமை இவ்வியல்பின் தருக்கரீதியான வளர்ச்சி எனலாம்.

எனினும் வெடிப்புகள் எத்துணைத் தூரத்தில் நிகழ்கின்றன என்ற அடிப்படை வினா நெடுங்காலம் விடையின்றியே நின்றது. 1991 ஏப்ரலில் ஏவப்பட்ட கொம்ப்ரன் அவதான நிலையம் ஒன்பதாண்டுகளில் 2704 வெடிப்புகளைப் பதிவுசெய்தது. அவை பால்வீதித் தளத்தில் செறிந்திராது வானமெங்கும் சமமாகப் பரந்திருந்தன. 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த விவாதத்தில், இவை நெடுந்தொலைவிலுள்ள விண்மீன் திரள்களில் நிகழ்வன என்று பக்சின்ஸ்கியும், நமது பால்வீதியைச் சூழ்ந்த பரப்பில் நிகழ்வன என்று லாம்பும் வாதிட்டனர். வாதத்தினால் தீராத இவ்வினாவைப் பின்தொடரலே தீர்த்துவைத்தது.

1997 பெப்ரவரி 28ஆம் திகதி இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் பெப்போசாக்ஸ் செய்மதி ஒரு வெடிப்பைக் கண்டது. சில மணி நேரத்துள் அதன் எக்ஸ் கதிர்க் கருவிகள் அத்திசைக்குத் திருப்பப்பட்டு, மங்கிக்கொண்டிருந்த பின்னொளியைக் கண்டன. இடம் அறியப்பட்டதும், கனரித் தீவுகளிலுள்ள வில்லியம் ஹேர்ஷல் தொலைகாட்டி ஒரு நாளுக்குள் அதனைக் கட்புலனாகும் ஒளியிலும் பதிவுசெய்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தோன்றிய மற்றொரு வெடிப்பின் பின்னொளியை ஹவாய்த் தீவின் கெக் தொலைகாட்டி நிறமாலையாகப் பகுத்தது. அவ்வொளி ஏறக்குறைய எழுநூறு கோடி ஆண்டுகளேனும் பயணஞ் செய்து வந்திருக்க வேண்டும் என்பது தெரியவந்தது. முப்பதாண்டுப் புதிரை அவிழ்த்தது, செய்தி விரைவாகக் கைமாறியமையே.

3

இக்கைமாற்றத்தை நிறுவனமயப்படுத்தியது, 1990களில் அமெரிக்காவின் கொடார்ட் நிலையத்தில் உருவான காமாக் கதிர் வெடிப்பு அறிவித்தல் வலையமைப்பாகும். செய்மதி கண்ட இடத்தை அது உலகின் தொலைகாட்டிகளுக்கெல்லாம் செக்கன் கணக்கில் அனுப்பியது. எவரும் கட்டணமின்றிப் பெறலாம். தாம் கண்டதை எழுதியனுப்பலாம். 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், வெடிப்பைக் கண்டதும் மனிதக் கட்டளைக்குக் காத்திராது ஓரிரு நிமிடங்களுள் தானே திரும்பி, தன் எக்ஸ் கதிர், புறஊதாத் தொலைகாட்டிகளால் நோக்கியது. 2003 மார்ச் 29ஆம் திகதி வெடிப்பு, இரண்டு செக்கனுக்கு மேல் நீடிக்கும் வெடிப்புகளிற் பெரும்பாலானவை பேரளவு விண்மீன்களின் வீழ்ச்சியிற் பிறப்பன என்ற கருத்தை உறுதிப்படுத்தியது. அதன் பின்னொளி ஆர்வலரின் சிறு தொலைகாட்டிகளுக்கும் எட்டியது. 2017 ஓகஸ்ட் 17ஆம் திகதி ஈர்ப்பலை ஒன்று வந்து 1.7 செக்கனின் பின் குறுகிய வெடிப்பொன்று பதிவாயிற்று. இரு நியூத்திரன் விண்மீன்களின் இணைவே அதற்குக் காரணம் என்பதை ஏறத்தாழ எழுபது அவதான நிலையங்களின் கூட்டுழைப்பு நிறுவியது.

இங்குத் தனிமேதை என்ற கருத்து தன் பொருளை இழக்கின்றது. கருவி செய்வோர், இரவு முழுவதும் விழித்திருப்போர், கணினிக் கட்டளை எழுதுவோர் ஆகியோரின் சமூக உழைப்பே இவ்வறிவு. உழைப்பு சமூகமயமாகிய அளவுக்குக் கருவிகளின் உடைமை சமூகமயமாகவில்லை என்பதையும் மறத்தலாகாது. நாசா சீனாவுடன் இருதரப்பு ஒத்துழைப்பில் ஈடுபடுவதை 2011ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தியது. 2024இல் சீனா தன் ஐன்ஸ்டீன் புரோபையும், பிரான்சுடன் இணைந்து எஸ்வொம் செய்மதியையும் ஏவியது. வேலாவைப் பிறப்பித்த ஐயம் முற்றாக நீங்கிவிடவில்லை.

4

இவ்வரலாற்றில் நமது பிரதேசத்தின் இடம் யாது? கோப்பாயிலிருந்து வடக்கே நானூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், ஏறத்தாழ அதே நெடுங்கோட்டில் அமைந்துள்ளது ஸ்ரீஹரிகோட்டா. வெடிப்புகளைக் காணும் கருவியொன்றை ஏந்திய இந்தியச் செய்மதிகள் 1987இலும் 1988இலும் அங்கிருந்து ஏவப்பட்டு ரொக்கட் பழுதால் அழிந்தன. 1992இல் ஏவப்பட்டது தாழ்ந்த பாதையிற் சுற்றிச் சில வாரங்களில் வீழ்ந்தது. 1994 மே 4ஆம் திகதி ஏவப்பட்ட ஸ்ரொஸ் சி2 வெற்றிபெற்று வெடிப்புகளைப் பதிவுசெய்தது. 2015 செப்டெம்பர் 28ஆம் திகதி அஸ்ட்ரோசாட் விண்ணேறியது. அதன் உயர்சத்தி எக்ஸ் கதிர்க் கருவி ஒரு திசையை மாத்திரம் நோக்க அமைக்கப்பட்டதாயினும், மிகுசத்திக் கதிர்கள் அதன் சுவரை ஊடுருவுவதால் வானின் பெரும்பகுதிக்குக் காவலாயிற்று. 2022ஆம் ஆண்டளவில் 500 வெடிப்புகளை அது கண்டிருந்தது.

அதன் பணிகளுள் ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 2017 ஜனவரி 4ஆம் திகதி இரு கருந்துளைகளின் இணைவிலிருந்து ஓர் ஈர்ப்பலை வந்தது. அது வந்திருக்கக்கூடிய வான்பரப்பில் விரைவாக மங்கும் ஒளியொன்றை ஹவாய்த் தொலைகாட்டிகள் கண்டன. இரண்டும் ஒன்றெனின் அது பெருங்கண்டுபிடிப்பாகியிருக்கும். அஸ்ட்ரோசாட்டின் பதிவுகளைத் துருவிய இந்திய ஆய்வாளர், ஈர்ப்பலை வந்த கணத்தில் எவ்வெடிப்பும் இல்லை என்பதையும், ஏறத்தாழ 21 மணி நேரத்தின் பின் வேறொரு வெடிப்பு நிகழ்ந்தது என்பதையும் கண்டனர். சீன, ரஷ்யக் கருவிகளின் பதிவுகளும் அவ்வெடிப்பை உறுதிசெய்தன. மங்கிய ஒளி அவ்வெடிப்பின் பின்னொளியே. ஈர்ப்பலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கவர்ச்சியான முடிபொன்றை ஆதாரங்கொண்டு மறுத்தல் அறிவின் வளர்ச்சிக்கு எத்துணை வேண்டப்படுவது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இங்கு நெடுங்கோடு ஒரு சமூகப் பொருளும் பெறுகின்றது. பின்னொளி மணிக்கு மணி மங்குவது. அமெரிக்காவிற் பகலாயிருக்கும்போது தோன்றும் வெடிப்பை, இரவிலிருக்கும் நாடுகளே பின்தொடர முடியும். லடாக்கின் ஹன்லேயில் 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இரண்டு மீற்றர் தொலைகாட்டியும், 2018இல் தொடங்கிய 70 சென்ரிமீற்றர்த் தானியங்கித் தொலைகாட்டியும் இத்தேவையை நிறைவு செய்தன. ஹன்லேயும் கோப்பாயும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டின. இலங்கையிலும் ஜப்பானின் கொடையாக 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டியொன்று 1996இல் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் நிறுவப்பட்டது. உலகளாவிய காவலில் நமது வானம் ஒரு வெற்றிடமாயின், இழப்பு நமக்கு மாத்திரம் உரியதன்று.

5

வலையமைப்பின் செய்தி எவர்க்கும் திறந்திருப்பினும், அது ஆங்கிலத்தில் வருவது. உரிமையிற் பொதுவான ஒன்று நடைமுறையிற் சிலர்க்கே உரியதாவது இவ்விடத்திலேயே. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும் தாய்மொழிக் கல்வியும் இந்நாட்டுத் தமிழ் மாணவர்க்குப் பௌதிகவியலின் வாயிலைத் திறந்தன. அப்பணி தொடரப்படல் வேண்டும். இலக்கிய மாணவனுக்கும் இதிற் பங்குண்டு. ‘வெடிப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். குண்டு வெடிப்பைத் தேடியோர் கண்ட பொருளுக்கு அது தற்செயலாகவே பொருந்தி, அதன் பிறப்பு வரலாற்றையும் தன்னுள் தாங்கி நிற்கின்றது. இச்சொல்லை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், அணுவாயுதப் போட்டியையும் விண்மீனின் முடிவையும் ஒருங்கே விளக்கியவராவார்.

கோப்பாய், ஆசிரியர்களைப் பயிற்றும் ஊர். ஆசிரிய கலாசாலையிலும் தேசிய கல்வியியற் கல்லூரியிலும் பயின்று செல்வோர் வடபுலத்துக் கிராமப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்வது எது என்பதிலேயே நாம் எழுப்பிய வினாவின் விடை தங்கியுள்ளது. விண்வெளிச் செய்தியை வியப்புக்குரிய கதையாகக் கேட்கும் மாணவன் என்றும் பார்வையாளனாகவே இருப்பான். அவ்வறிவு எவ்வாறு, யாருடைய உழைப்பால், எந்த முரண்பாடுகளினூடே பிறந்தது என்பதைத் தன் மொழியில் அறிந்த மாணவனோ, அதனைத் தனக்கும் உரியதாகக் கருதத் தொடங்குவான். 1829இல் வானத்தைப் பற்றிப் பேசும் உரிமைக்காகச் சிலர் வாதிட்டனர்; பலர் கேட்டிருந்தனர். அவ்வுரிமையைப் பலருக்கும் உரியதாக்குவதே இன்று நம் முன்னுள்ள பணியாகும்.