தேரியில் ஒரு ராத்திரி: சாத்தாங்காட்டிலிருந்து சாத்தான்குளம் வரை

எங்கள் தெரு மளிகைக் கடை தீபாவளிக்குக்கூட அரை நாள் திறந்திருக்கும். ஆனால் பங்குனி உத்திரம் வந்தால் ஷட்டரில் ஒரு அட்டை தொங்கும்: ‘குலதெய்வம் கோயிலுக்குச் செல்வதால் மூன்று நாள் விடுமுறை.’ கடைக்கார அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். ஒரு வருஷம், “அங்க எங்க தங்குவீங்க, லாட்ஜா?” என்று கேட்டேன். “லாட்ஜா? தேரியில துண்ட விரிச்சிப் படுத்தா முடிஞ்சுது. வாரீயளா?” என்றார். போனேன். அப்போதிருந்து சேர்த்துவைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர் விஷயம். நான் இருப்பது சாத்தாங்காடு. ஜார்ஜ் டவுன் இரும்புக் கடைகளை நகருக்கு வெளியே கொண்டுவர சி.எம்.டி.ஏ. அமைத்த சந்தை இங்கேதான் இருக்கிறது. லாரியும் கம்பியும் தகடும்தான் கண்ணில் படும். காடு பெயரில் மட்டும். அண்ணாச்சி ஊருக்குப் பக்கத்தில் இருப்பது சாத்தான்குளம். சாத்தன் என்பது ஐயனாரின் பழைய பெயர். சாஸ்தா என்கிறோமே, அவர்தான். பேய் பிசாசோடு சம்பந்தமில்லை.

தேரி என்றால் என்ன? தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடக்கும் செம்மணல் மேடுகள். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் உள்ள குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர் என்பார்கள். குருமணல்தான், ஆனால் ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு ஒரு பூச்சாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. இந்த மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். ஆடிக் காற்றில் நேற்றுப் பார்த்த பாதை இன்று இருக்காது. மேடுகள் உருவாகத் தொடங்கியது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், கடைசிப் பனியுகம் முடிகிற காலத்தை ஒட்டி என்று மணலைக் காலக்கணிப்பு செய்தவர்கள் சொல்கிறார்கள்.

பாலைவனம் மாதிரி தெரியும், ஆனால் பாலைவனம் இல்லை. பெய்கிற மழையை மணல் அப்படியே குடித்துவிடும். குடித்த தண்ணீர் மேட்டின் அடிவாரத்தில் சுனையாக வெளியே வரும். மணல்மேடு ஓடைகளை மறித்த இடங்களில் தருவை எனப்படும் ஆழமில்லாத ஏரிகள் உண்டு. வைரவன்தருவை, புத்தன்தருவை என்று ஊர்ப் பெயர்களே அப்படித்தான்.

இங்கே கூடாரம் போட்டு முதலில் தங்கியவர்கள் யார்? அதற்கும் சான்று இருக்கிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபூட், 1883இல் வெளிவந்த தன் நிலவியல் அறிக்கையில் தேரிகளைப் பற்றி எழுதினார். பிறகு சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி முதலான இடங்களில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து, ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். கருவிகள் விரல் நகம் அளவுதான். குவார்ட்ஸ், செர்ட் கல்லில் செய்தவை. அன்றைக்கு மணல்மேடுகளுக்கு இடையே தங்கி மீன்பிடித்து வேட்டையாடி வாழ்ந்த கூட்டம் விட்டுப்போன சாமான்கள்.

அடுத்தது பனையேறிகள். பதநீர்க் காலத்தில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் பக்கத்திலேயே ஓலைக் குடிசை போட்டுவிடுவார்கள். அதற்கு விடிலி என்று பெயர். பதநீர் காய்ச்சுவதும், கருப்பட்டி ஊற்றுவதும், பிள்ளைகள் தூங்குவதும் எல்லாம் அங்கேதான். பருவம் முடிந்தால் விடிலியும் காலி.

மூன்றாவது, நான் பார்த்த கூட்டம். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் தேரிக்குள் இருக்கிறது. சுனை, பெயரிலேயே வந்துவிட்டது பாருங்க. ஒரு காலத்தில் கூண்டு வண்டி கட்டி வந்தவர்கள் இப்போது வேனில் வருகிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், மும்பை என்று சிதறிப்போன பங்காளிகள் அன்றைக்கு ஒரே மணலில். அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, பழைய சண்டையும் கிளம்புகிறது. பிள்ளைகள் மேட்டில் ஏறிச் சறுக்கி, சட்டையெல்லாம் சிவப்பாகி, அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறார்கள். பகலில் கால் வைக்க முடியாத மணல், ராத்திரி பத்து மணிக்கு மேல் பாய் மாதிரி குளிர்ந்துவிட்டது. நல்லா தூங்கினேன்.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதக் கடைசியில் கள்ளர் வெட்டு நடக்கும். கள்ளனாகப் பாவித்து ஓர் இளநீரைச் செம்மணலில் வைத்து வெட்டுவார்கள். அந்த நீர் பட்ட மணலை எடுக்க ஜனங்கள் பாய்ந்து விழுவார்கள். அள்ளிய மணலை வீட்டிலும் கடையிலும் வயலிலும் வைப்பார்கள்.

இதைப் பக்தி என்று மட்டும் நினைத்திருந்தேன். 2007ஐப் பற்றிப் படித்தபிறகு வேறு மாதிரி தோன்றுகிறது.

தேரி மணலில் இல்மனைட் உண்டு. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம். பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் வெண்மை தருகிற பொருள். சிவப்பு மணலிலிருந்து வெள்ளை! சாத்தான்குளம் பகுதியில் சுமார் 2,500 கோடி ரூபாயில் ஆலை அமைக்க, டாடா ஸ்டீல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2007இல் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்குவது பற்றிப் பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் நின்றுபோனது. “தரிசு நிலம்தானே” என்பது ஒரு தரப்பு வாதம். வேலை வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு, அதையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் மணலைத் தோண்டிச் சலித்துத் திரும்பக் கொட்டினால் சுனை எங்கே போகும், தருவை எங்கே போகும் என்ற கேள்விக்குத் தரிசு என்ற சொல்லில் பதில் இல்லை.

உலகத்தின் இன்னொரு மூலையில் இதே கதை வேறு விதமாக முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் கிரேட் சாண்ட் டியூன்ஸ் என்று ஒரு தேசியப் பூங்கா. பலகையில் உட்கார்ந்து மணலில் சறுக்கலாம். அனுமதிச் சீட்டு வாங்கினால் மேடுகளுக்கு நடுவே கூடாரம் போட்டு ராத்திரி தங்கலாம். அந்த மணலுக்கும் ஆபத்து வந்தது. தங்கம் தோண்டவும், மணலைக் கான்கிரீட்டுக்கு அள்ளவும் முயற்சி நடந்தது. சான் லூயிஸ் பள்ளத்தாக்குப் பெண்கள் அமைப்பு ஒன்று விடாமல் மனுப் போட்டது. 1932இல் அது தேசிய நினைவுச் சின்னமானது, 2004இல் தேசியப் பூங்கா.

அங்கே சட்டமும் வேலியும் இருக்கின்றன. இங்கே வருஷம் ஒருமுறை வந்து படுத்து எழுந்து போகிற ஜனங்கள்தான் வேலி. ஆனால் இந்த வேலி எவ்வளவு நாள் தாங்கும்? எங்கள் பக்கத்து எண்ணூர் ஒரு காலத்தில் சென்னை ஆங்கிலேயர்கள் காற்று வாங்க வந்து தங்கிய இடம். உல்லாசத்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். 1970இல் அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம். சாம்பல் படிந்த கழிமுகத்துக்காக இன்றைக்கும் பேசுவது, அங்கேயே பிறந்து அங்கேயே வலை வீசுகிற மீனவர்கள்தான். ஓர் இடத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டவர்கள் இருந்தால்தான் அது தரிசு இல்லை என்று சொல்ல ஆள் இருக்கும்.

அந்த வருஷம் தேரியை விட்டுக் கிளம்பும்போது அண்ணாச்சியின் மகன் சொன்னான்: “அடுத்த வாட்டி நீங்க மட்டும் போங்கப்பா, எனக்கு லீவு கிடைக்காது.” அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பின்னால் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து பொறுக்கினேன். போகிறவர்கள் தயவுசெய்து பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

அவர் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கிறது. ஒரு பிடி தேரி மண். அடுத்த பதிவில் தருவைகள் பற்றி எழுதுகிறேன்.