ஒரு ரூபாய்க்கு எட்டு பைசா

திருப்பதியில் சொந்த வீடு வைத்திருப்பவர் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டும்போது நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார். வரியில் ரூபாய்க்கு எட்டு பைசா. சித்தூர், புத்தூர், நகரி என்று ஆந்திரத்தின் எந்த ஊருக்குப் போனாலும் இதே கணக்குதான். இந்த எட்டு பைசாவின் பூர்வீகம் சென்னை.

சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து உருவானது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் மண் அது. இரண்டு நூலக இயக்கங்களின் காற்றும் அங்கே வீசியது. வடக்கே பெஜவாடாவில் அய்யங்கி வெங்கடரமணய்யா போன்றவர்களின் முயற்சியால் 1914இலேயே ஆந்திர தேச நூலகச் சங்கம் எழுந்துவிட்டது. தெற்கே 1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கும் முன்பே, 1930இல், ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆட்சியாளர்களின் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்.

பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்குச் சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா. அதுவரை நூலகம் என்பது ஜமீன்தாரோ வக்கீலோ மனம் வைத்தால் திறக்கும், அவர் காலத்துக்குப் பின் பூட்டிக்கொள்ளும். நூலகத்தின் பங்கை ஓர் எண்ணாக எழுதிவைத்து அந்த நிலையிலிருந்து அதை விடுவித்ததுதான் இந்தச் சட்டத்தின் பெரிய சாதனை.

1953இல் ஆந்திரம் பிரிந்தது. சித்தூர் அந்தப் பக்கம் போனது, சென்னைச் சட்டத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று, பட்டாஸ்கர் தீர்ப்பின்படி, திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டில்தான் ஆந்திரப் பிரதேசம் தன் சொந்தப் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. ஆணைக்குழுக்கள் ‘ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா’க்கள் ஆயின. இன்று திருத்தணியில் வீட்டுக்காரர் நூலகத்துக்கு ரூபாய்க்கு பத்து பைசா கொடுக்கிறார். எல்லைக்கு அப்பால் நகரிக்காரர் கொடுப்பது எட்டு.

அளவுகோல் வைத்துப் பேசுவது அந்தத் தலைமுறையின் குணம். திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த ராதாகிருஷ்ணன், 1948–49இல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைமை வகித்தபோது, பல்கலைக்கழக வரவு செலவில் ஆறேகால் சதவீதம் நூலகத்துக்கு என்று பரிந்துரைத்தார். ரங்கநாதன் இந்திய தர நிறுவனத்தின் ஆவணவியல் குழுவுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தார். 1960இல் நூலகக் கட்டட வடிவமைப்புக்கு ஓர் இந்தியத் தரம் வந்தது, அதையொட்டி மேசை, நாற்காலி, புத்தக அலமாரிகளுக்கும் வந்தது. வாசகர் உட்காரும் நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் முடிவு செய்து எழுதிவைத்தார்கள். வாசகரின் வசதியை அவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த மேசைமீது கணினி வந்து உட்கார்ந்தபோதுதான் அளவுகோல் காணாமல் போனது.

2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் மத்திய அரசு இணைய மையங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது, வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். நவம்பர் 4 அன்று சித்தூர் மாவட்டத்தில் மீசேவா என்ற அரசுச் சேவை மையத் திட்டம் தொடங்கியது. பதினைந்து நிமிடத்தில் தர வேண்டிய சான்றுகள் எவை, நாள் கெடு வைத்துத் தர வேண்டியவை எவை என்று அதில் தெளிவாக வகுத்தார்கள். காசு வாங்கும் நெட் சென்டருக்கு ஒரு விதி, கட்டணம் வாங்கும் சேவை மையத்துக்கு ஒரு விதி. மக்கள் வரியில் நடக்கும் நூலகத்தில் எத்தனை கணினி, எத்தனை மணி நேரம், யார் உதவுவார் என்பதற்கோ, 1960இன் சட்டத்தில் பதில் தேட முடியாது. அது கணினிக்கு முந்திய சட்டம்.

வெளியுலகில் அந்தக் கணக்கு பேசப்பட்டிருந்தது. நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2001இல் யுனெஸ்கோவுடன் வெளியிட்ட வழிகாட்டி, 5,000 பேருக்கு ஒரு கணினி என்ற கனடாவின் அளவை எடுத்துக்காட்டியது. இங்கிலாந்து சில ஆண்டுகள் 10,000 பேருக்கு 6 என்று வைத்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருப்பதி நகரத்தில் சுமார் 2,87,000 பேர். கனடாவின் அளவுப்படி நகர நூலகங்களில் 57 கணினி வேண்டும், இங்கிலாந்தின் அளவுப்படி 172. மலையேற வரும் பக்தர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எண்ணிக்கையோடு நின்றுவிடும் தரம் பாதித் தரம்தான். மாவட்ட நூலகங்களின் வாசிப்பு அறையை நிறைப்பவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள். குரூப்-2, கான்ஸ்டபிள், டிஎஸ்சி என்று எந்த அறிவிக்கை வந்தாலும் விண்ணப்பம் இணையத்தில், ஹால் டிக்கெட் இணையத்தில், மாதிரித் தேர்வும் இணையத்தில். கைப்பேசியின் சின்னத் திரையில் படிவம் நிரப்பிக் கடைசி நாளில் தடுமாறுகிற பிள்ளைக்கு வேண்டியது மாலையிலும் திறந்திருக்கிற ஓர் அறை, தெலுங்கிலும் தமிழிலும் தட்டச்சு செய்ய வருகிற விசைப்பலகை, பக்கத்தில் வந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். பழுதான கருவி எத்தனை நாளில் சரியாக வேண்டும் என்பதும் விதியில் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் அது மூலையில் உறைபோட்டுக் கிடக்கும்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2012இல் தேசிய நூலக இயக்கத்தை மத்திய அரசு அமைத்தது, மாதிரி நூலகங்களுக்கு நிதி ஒதுக்கியது. ஆந்திர அரசு கிராமங்களுக்கு டிஜிட்டல் நூலகம் என்று அறிவித்தது. ஆனால் திட்டம் ஆட்சியோடு வரும், ஆட்சியோடு போகும். நூலக வரி அப்படியல்ல, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. கணினிக்கான பங்கும் அந்த வரிக்குள்ளேயே சட்டத்தால் எழுதப்பட்டால்தான் நிலைக்கும். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நேரத்தில் செலுத்தாமல் பாக்கி வைப்பது ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பழைய நோய். அதற்கும் ஒரு கெடு வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், பார்வையற்ற வாசகரிடமிருந்து தொடங்கலாம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தை அவர்களும் பயன்படுத்தும்படி செய்யச் சொல்கிறது. அதற்கான இந்தியத் தரம், ஐஎஸ் 17802, 2021–22இல் இரண்டு பகுதிகளாக வந்துவிட்டது. திரையில் உள்ளதைத் தெலுங்கிலும் தமிழிலும் வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு கணினியில் அதை நிறுவி, ஒரு ஹெட்போனும் வைத்து, நூலகருக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுக்கச் சம்ஸ்தாக்கள் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.