பனிக்கு ஒரு டயர்

உத்திரமேரூரில் மழைக்காலம் வந்தால் டயரில் பட்டன் தேய்ந்துவிட்டதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். மாண்ட்ரியலில் இருக்கும் என் மகனோ, தன் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர் தனி செட்டாக வாங்க வேண்டும் என்றான். வீண் செலவு என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் வரலாற்றைப் படித்தபின் எண்ணம் மாறியது.

1934-ல் பின்லாந்தில், இன்றைய நோக்கியன் டயர் கம்பெனியின் முன்னோடி நிறுவனம், லாரிகளுக்காக உலகின் முதல் குளிர்கால டயரைச் செய்தது. 1936-ல் கார்களுக்கும் வந்தது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். இந்த டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பட்டன்களில் உள்ள மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும். கியூபெக் மாகாணம் 2008 குளிர்காலம் முதல் இதைக் கட்டாயமாக்கியது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் இல்லாமல் கார் ஓட்ட முடியாது.

சிக்கனத்துக்கு வழி சக்கரத்தில் இருக்கிறது. 18 அங்குல அலாய் வீலுக்குப் பதில் 17 அங்குல இரும்பு வீல் போடலாம். பிரேக்கில் இடிக்கக் கூடாது. டயரோடு சேர்ந்த மொத்த உயரமும் மாறக் கூடாது. சின்ன வீலுக்கான டயர் பெரும்பாலும் விலை குறைவு. அகலம் குறைந்தால் பனியைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும்.

"நாலையும் மாத்துப்பா. வீல்ல மிச்சம் பிடி, ரப்பர்ல பிடிக்காதே" என்றேன். அப்படியே வாங்கினான்.