அறிவுசார் குறைபாடு உடையோரிடம் உறக்க மூச்சுத்தடை: அரிய காரணங்கள்

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை, தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நோய். பெரியவர்களிடம் ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 நொடி நீடிக்கும். தொண்டை அடைபடுவதால் வருவது அடைப்பு வகை. மூளைத்தண்டின் கட்டளை தவறுவதால் வருவது மைய வகை. உடற்பருமனும் டான்சில் வீக்கமும் பலரறிந்த காரணங்கள். அறிவுசார் குறைபாடு உடையோரிடம் எளிதில் கண்ணுக்குத் தப்பும் வேறு காரணங்களும் உண்டு.

உடலமைப்பு: டவுன் நோய்க்குறியில் முகத்தின் நடுப்பகுதி சிறுத்து, தசைகள் தளர்ந்திருப்பதால், நாக்கு பின்சரிந்து தொண்டையை அடைக்கிறது. டான்சிலை அகற்றிய பின்னும் தடை நீடித்தால், நாக்கின் அடியிலுள்ள நிணத்திசு பெருத்திருக்கலாம். டவுன் நோய்க்குறி உடையோரிடம் மிகுதியாகக் காணப்படும் தைராய்டு சுரப்புக் குறைவும் நாக்கைத் தடிக்கச் செய்யும். மியூகோபாலிசாக்கரைடோசிஸ் நோயில், சிதையாத சர்க்கரைச் சேர்மங்கள் நாக்கிலும் மூச்சுவழியிலும் படிந்து பாதையைக் குறுக்குகின்றன.

மூளையும் நரம்பும்: கியாரி குறைபாட்டில் சிறுமூளையின் அடிப்பகுதி கீழிறங்கி மூளைத்தண்டை அழுத்துவதால் மைய வகைத் தடை வரலாம். ஜூபெர்ட் நோய்க்குறி உள்ள பச்சிளங்குழந்தைகள் பலரிடம் வேகமூச்சும் மூச்சு நிற்பதும் மாறிமாறி வரும். சில வலிப்புகள் கைகால் வெட்டாமல், மூச்சு நிற்பதாக மட்டுமே வெளிப்படும்.

மருத்துவத்தின் பக்கவிளைவு: வலிப்பைக் கட்டுப்படுத்த மார்பில் பொருத்தும் வேகஸ் நரம்புத் தூண்டி, இயங்கும் நொடிகளில் மூச்சோட்டத்தைக் குறைக்கக்கூடும். கிளோபசாம் போன்ற மருந்துகள் தொண்டைத் தசையைத் தளர்த்தும். மனநோய் மருந்துகள் சில எடையைக் கூட்டும். அவை அரிதாகக் குரல்வளைத் தசையையும் இறுக்கும். பிராடர்-வில்லி நோய்க்குறியில் தரப்படும் வளர்ச்சி ஹார்மோன், டான்சில் திசுவைப் பெருக்கலாம்.

கண்டறிதல்: பகல் தூக்கம், எரிச்சல், தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதல், கற்றதை மறத்தல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தம் துன்பத்தைச் சொல்ல இயலாதவர்களிடம் இவை குறைபாட்டின் இயல்பாகவே கருதப்பட்டு நோய் மறைந்துபோகிறது. டவுன் நோய்க்குறி உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் 4 வயதுக்குள் இரவுநேர உறக்க ஆய்வு செய்ய அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது.

சிகிச்சை: காரணத்துக்கேற்ப அறுவைச் சிகிச்சை, மருந்து மாற்றம், வேகஸ் நரம்புத் தூண்டியின் அளவைத் திருத்துதல், தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் ஆகியவை பயன்படும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கிறது. முகமூடியைப் பகலில் சிறிது சிறிதாக அணிவித்துப் பழக்கினால் அறிவுசார் குறைபாடு உடையோரில் பலரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஒத்துழைக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்து இச்சிகிச்சையை மறுப்பது தவறு.