பெற்றோருக்கும் ஓர் இடம்: குழந்தைகளுக்கான ஆதரவுச் சிகிச்சை உருவான வரலாறு

சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்திலிருந்து நவீன ஆதரவுச் சிகிச்சையின் (palliative care) வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். குழந்தைகளுக்கான சிகிச்சையையும் அதன் கிளையாகவே காட்டுவார்கள். இது பாதி உண்மைதான். இன்னொரு வேர், பெற்றோரை வாசலிலேயே நிறுத்திய குழந்தைகள் வார்டில் இருக்கிறது. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் தவிப்பை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஆவணப்படமாக்கினார். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று 1959இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு பரிந்துரைத்தது. மருத்துவமனை மாறத் தயங்கியது. ஆனாலும் குடும்பத்தை விலக்கிவைக்கும் நியாயம் அப்போதே ஆட்டங்கண்டுவிட்டது.

1970களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் செவிலியர் ஐடா மார்ட்டின்சன் ஒரு படி மேலே போனார். அவருடைய திட்டத்தில், புற்றுநோயால் இறக்கும் நிலையிலிருந்த குழந்தைகளை வீட்டிலேயே பெற்றோர் பார்த்துக்கொண்டார்கள். அழைத்தால் வருவதற்குச் செவிலியர் தயாராக இருந்தார். முதன்மைப் பராமரிப்பாளர் பெற்றோர், துணை நிற்பவர் செவிலியர் என்ற இந்த முறை பழைய வரிசையையே புரட்டிப்போட்டது. அதே காலத்தில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், 1978இல் வெளியான நூலில் கண்டறிந்து சொன்னது மனத்தைப் பிசைகிறது: தாங்கள் இறக்கப்போவதை, யாரும் சொல்லாமலே, அந்தக் குழந்தைகள் அறிந்திருந்தார்கள். பெற்றோர் உடைந்துபோகக் கூடாதென்று அறியாதவர்கள்போல் இருந்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1982 நவம்பரில் திறக்கப்பட்ட ஹெலன் ஹவுஸ்தான் உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ். அதன் பிறப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மூளைக் கட்டியால் முழுநேரக் கவனிப்புத் தேவைப்பட்ட ஹெலன் என்ற சிறுமியை, அவள் பெற்றோர் சற்று இளைப்பாறட்டும் என்று, குழந்தைகள் செவிலியராகப் பயிற்சி பெற்றிருந்த ஆங்கிலிக்கன் துறவி ஃபிரான்செஸ் டொமினிகா அவ்வப்போது தம் மடத்துக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டார். அந்த நட்பிலிருந்து மடத்துத் தோட்டத்தில் எட்டுக் குழந்தைகளுக்கான வீடு எழுந்தது. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அங்கே தங்கலாம். சாவுக்கான இடமாக அல்ல, தூக்கமிழந்த குடும்பம் மூச்சுவிடும் இடமாகவே அது கருக்கொண்டது. பெரியவர்களின் ஹாஸ்பிஸைச் சிறிதாக்கிய வடிவமல்ல அது என்று நான் வாதிடுவது இதனால்தான்.

அதே 1982இல் அமெரிக்க மெடிகேர் திட்டம் ஹாஸ்பிஸ் செலவை ஏற்றது. ஆனால் ஆயுள் ஆறு மாதத்துக்குள் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் சிகிச்சையையும் கைவிட வேண்டும். முதியவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. குழந்தைகளுக்கும் இதே அளவுகோல் நீட்டப்பட்டபோது, பிள்ளையின் கீமோதெரபியை நிறுத்தச் சம்மதித்தால்தான் உதவி என்ற நிலைக்குப் பெற்றோர் தள்ளப்பட்டார்கள்.

இந்த அளவுகோலைக் கருத்தளவில் உடைத்தவை பிந்தைய வரையறைகள். குணமாகவும் வாய்ப்புள்ள புற்றுநோய் முதல் கடுமையான மூளைவாதம் வரை நான்கு நோய்ப் பிரிவுகளை 1997இல் பிரிட்டிஷ் வழிகாட்டி வகுத்தது. நோய் கண்டறிந்த நாளிலேயே ஆதரவுச் சிகிச்சை தொடங்க வேண்டும், குடும்பத்தைத் தாங்குவதும் அதன் பகுதி என்று 1998இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அமெரிக்கச் சட்டம் 2010இல்தான் இறங்கிவந்தது: குறைந்த வருமானத்தினருக்கான மெடிகெய்ட் திட்டத்தில் உள்ள 21 வயதுக்குட்பட்டோர், குணமாக்கும் சிகிச்சையையும் ஹாஸ்பிஸ் கவனிப்பையும் சேர்த்தே பெறலாம். ஆறு மாத நிபந்தனையை அது நீக்கவில்லை. தசைச்சிதைவு நோயோடு ஆண்டுக்கணக்கில் வாழும் சிறுவனின் வீட்டுக்கு அந்தத் திருத்தம் பெரும்பாலும் எட்டுவதில்லை.