ஊசி விடத் தயங்கிய இடம்

நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் 1962 ஜனவரியில் இறந்தாள். மூணு வயசு நிறையலை. மூளைத்தண்டில் கட்டி, டிஐபிஜி என்பார்கள். அடுத்த அரை நூற்றாண்டில், கதிர்வீச்சைத் தாண்டி உருப்படியா எந்தச் சிகிச்சையும் வரலை. ஆய்வு செய்யத் திசுவே இல்லாததுதான் முக்கியக் காரணம்னு நினைக்கிறேன். மூச்சை நடத்தும் இடம். அங்கே ஊசி விடப் பெரும்பாலான மருத்துவர்கள் தயங்கினார்கள். எம்ஆர்ஐ வந்தபின் படமே போதும் என்றார்கள்.

திசுவில் பெரும்பகுதி, இறந்த குழந்தைகளின் பெற்றோர் கொடுத்தது. அது எப்படிப்பட்ட கையெழுத்து, யோசிச்சுப் பாருங்க. 2012இல் இரண்டு குழுக்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில், 27ஆவது லைசினுக்குப் பதில் மெத்தியோனின். 2025 ஆகஸ்டில், இந்த மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்றே டோர்டாவிப்ரோன் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. சோதனையில் ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது.