விலை பேசப்பட்ட காவல்: திபெத்திய மாஸ்டிவ் நாயின் கதை

2015ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் பீஜிங் நகரில் லொறியொன்றைப் பிராணிநல ஆர்வலர்கள் மறித்தனர். கோழிக் கூடுகளில் திணிக்கப்பட்டிருந்த நாய்களுள் 20க்கும் மேற்பட்டவை திபெத்திய மாஸ்டிவ் இனத்தைச் சேர்ந்தவை. தலைக்கு ஏறத்தாழ 5 டொலர் விலையில் இறைச்சிக்கும் தோலுக்குமாக அவை கொல்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2014 மார்ச்சில்தான் இதே இனத்துக் குட்டியொன்று 12 மில்லியன் யுவானுக்கு, அதாவது ஏறக்குறைய 2 மில்லியன் டொலருக்கு, விற்பனையானதாகச் சீனப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. இந்த வீழ்ச்சியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அந்த நாயின் இயல்பை முதலில் அறிய வேண்டும்.

திபெத்தியர்கள் இதனை 'தோ-கீ' என்பர். கட்டிவைக்கப்படும் நாய் என்றும் வாசல் நாய் என்றும் இப்பெயருக்குப் பொருள் கூறப்படுகின்றது. யாக் எனப்படும் சடை எருமைகளையும் செம்மறிகளையும் மேய்த்து வாழும் நாடோடிகள் தம் கருங்கம்பளிக் கூடாரங்களின் வாசலில் பகல் முழுவதும் இதனைச் சங்கிலியிற் கட்டிவைப்பர். இரவில் அவிழ்த்துவிடுவர். ஓநாய், பனிச்சிறுத்தை, திருடன் ஆகிய மூவரும் இருளில் வருபவர்கள் என்பதால் நாயின் வாழ்க்கையும் இருளுக்கென்றே அமைந்துவிட்டது. அதன் கழுத்தில் யாக் உரோமத்தாலான, சிவப்புச் சாயமேற்றிய தடித்த பட்டி விளங்கும். விருந்தாளிகள் தொலைவில் நின்று குரல் கொடுத்து, வீட்டார் நாயைப் பிடித்த பின்னரே நெருங்குவர்.

வெளியுலகம் இந்த நாயை அச்சத்துடனேயே அறிந்துகொண்டது. திபெத்தில் கழுதையளவு நாய்கள் உண்டு என்று 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ கூறினார். வாரன் ஹேஸ்டிங்சின் தூதராக 1783இல் அப்பக்கம் சென்ற சாமுவேல் டேர்னர், மரக்கூண்டுகளில் அடைக்கப்பட்டிருந்த பெரும் நாய்களின் மூர்க்கத்தை 1800இல் வெளியான தமது நூலிற் பதிவு செய்தார். 1847இல் ஹார்டிஞ்ச் பிரபு 'சிரிங்' என்ற நாயை விக்டோரியா மகாராணியாருக்கு அனுப்பிவைத்தார். 1873இல் இலண்டனில் தோன்றிய கெனல் கிளப் தனது முதற் பதிவேட்டிலேயே 'திபெத்திய மாஸ்டிவ்' என்ற பெயரை இதற்குச் சூட்டியது. ஐரோப்பாவின் மாஸ்டிவ் இனங்கள் யாவும் இதன் வழித்தோன்றல்களே என்று பலகாலம் எழுதப்பட்டுவந்தபோதிலும், அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் ஒன்றை அண்மைய மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன: பிராணவாயு குறைந்த உயர்நிலங்களில் வாழ உதவும் மரபணுக்களை இந்த நாய், அங்குள்ள ஓநாய்களுடன் கலந்ததன் மூலம் பெற்றிருக்கின்றது. தன் பகைவனிடமிருந்தே அது தன் வலிமையையும் பெற்றுக்கொண்டது!

ஆண் நாய் 40 முதல் 70 கிலோகிராம் வரை எடை கொண்டது. ஏவலுக்கு உடனே பணியும் நாயை எதிர்பார்ப்பவர் இதனிடம் ஏமாற்றமே அடைவார். எசமான் உறங்கும்போது தானே முடிவெடுக்க வேண்டிய காவலாளி அது. எனவே கட்டளையைக் கேட்டதும் செய்யாது, சிந்தித்தே செய்யும். வீட்டாரிடம் அமைதியும் குழந்தைகளிடம் பொறுமையும் காட்டும் அதே நாய் அந்நியரை எளிதில் ஏற்காது. குட்டிப் பருவத்திலேயே பலதரப்பட்ட மனிதர்களுடனும் ஓசைகளுடனும் பழக்காவிடின், பின்னர் அந்த ஐயம் ஆபத்தாக மாறும். இரவிற் குரைப்பதை நிறுத்தச் சொல்வது, அதன் தொழிலை நிறுத்தச் சொல்வதற்குச் சமம். பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே பருவமடைகின்றது. ஈரடுக்கு உரோமம் கொண்டதால் வெப்பமும் ஈரலிப்பும் மிகுந்த எமது போன்ற நாடுகள் அதற்கு ஒத்துவராது. வளரும் பருவத்தில் கடும் பயிற்சி கொடுத்தால் மூட்டுகள் கெடும். உயர்ந்த மதில், நிழல், தண்ணீர், வாரந்தோறும் உரோமம் வாருதல், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டாரின் அருகாமை ஆகியன இன்றியமையாதவை.

2000ஆம் ஆண்டுகளில் சீனாவின் புதுப் பணக்காரருக்கு இவை எதுவும் பொருட்டாகவில்லை. 2005இல் வெளிவந்த யாங் சிஜுனின் 'சாங் ஆவ்' நாவல் இந்நாயை வீரத்தின் சின்னமாக்கியது. 2011இல் சிவப்பு நிற நாயொன்று 10 மில்லியன் யுவானுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. பண்ணைகள் பெருகின. பருமனைக் கூட்டுவதற்காக வேற்றினங்களுடன் கலப்புச் செய்யப்பட்டது. 2013இல் ஹெனான் மாகாண மிருகக்காட்சிச்சாலையொன்றில் 'ஆபிரிக்கச் சிங்கம்' என்ற பலகைக்குப் பின்னாலிருந்து இந்த நாய் குரைத்தபோது உலகமே சிரித்தது. உண்மையில் அக்காலத்தில் அந்த நாயை நாயாகப் பார்த்தவர் எவர்?

பல நகரங்கள் பெரிய நாய்களை வளர்க்கத் தடை விதித்திருந்தன. ஊழல் எதிர்ப்பு நடவடிக்கைகள் ஆடம்பரப் பரிசுகளைக் குறைத்தன. நாகரிகமும் மாறியது. சந்தை சரிந்ததும் பண்ணையாளர்கள் நாய்களை வெளியில் விட்டனர். அதேகாலத்தில் நாடோடிகள் பலர் மேய்ச்சல் நிலங்களிலிருந்து குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டதால், காவலுக்கு நாய் வேண்டிய கூடாரங்களும் குறைந்துபோயின. திபெத்திய பீடபூமியில் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாகத் திரியலாயின. அவை மனிதரைக் கடித்தன, மந்தைகளைத் தாக்கின, பனிச்சிறுத்தையை அதன் இரையிலிருந்தே விரட்டின. நாய்கள் வழியே பரவும் நாடாப்புழு நோயும் அங்கே பெரும் சுகாதாரப் பிரச்சினையாகும். உயிர்க்கொலையை வெறுக்கும் பௌத்த மடாலயங்கள் சில, அவற்றுக்கு உணவும் உறைவிடமும் அளித்தன.

ஓநாயிடமிருந்து மந்தையைக் காத்த இனத்தின் ஒரு பகுதியே இறுதியில் மந்தைக்குப் பகையானது. இதற்கு நாயைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதன் இயல்பு மாறவில்லை. காப்பதற்கென அதனிடம் இருந்த கூடாரத்தையும் மந்தையையும் மனிதனே பறித்துக்கொண்டான். கம்பீரமான நாயொன்றின் படத்தைக் கண்டு ஆசைப்படுவோர், விலையை விசாரிக்கு முன்னர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: அந்த நாய் காப்பதற்கு எம்மிடம் என்ன இருக்கின்றது?